கோணமலை: கோயிலைத் தவிர மலையில் என்ன இருக்கிறது?

கேள்வி, 2025 ஜூன் 3

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். ஆகஸ்டுக்குள் இலங்கையில் இருக்கிற திருக்கோணமலை போய்வர எண்ணம். ஆத்தாவுக்கு எழுபத்து நான்கு வயது, கோணேசரைப் பார்த்துவிட வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் சந்தேகம் வேறு. போய்வந்தவர்கள் எல்லோரும் கோயில் படம்தான் போடுகிறார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அவ்வளவு பெரிய மலையில் வேறு ஒன்றுமே இல்லையா? ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரிதானா?

ஜூன் 3, இரவு

ஒரு மணி நேரம் போதும் என்றவர் செருப்பு விடும் இடத்தையும் மூலஸ்தானத்தையும் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார். நானும் எங்கள் வீட்டு ஆச்சியும் (மனைவியைச் சொல்கிறேன்) போன மாதம்தான் போய்வந்தோம். இரண்டு நாளில் நான் மூன்று தடவை ஏறினேன், அவள் இரண்டு தடவை.

இடம் எப்படி என்று சொன்னால் உங்களுக்கே புரியும். ஊரிலிருந்து நாக்கு மாதிரி ஒரு நிலம் கடலுக்குள் நீள்கிறது. முதலில் தட்டையாகக் கிடந்து, அப்புறம் மெல்ல மேலேறி, கடைசியில் முந்நூறு அடிக்கும் மேல் உயர்ந்து அங்கேயே சட்டென்று அறுந்துவிடுகிறது. சரிவெல்லாம் கிடையாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தால் நேராகத் தண்ணீர்தான். நாக்கின் அடியில், நிலம் குறுகும் இடத்தில், குறுக்கே ஒரு கோட்டைச் சுவர். சுவரில் ஒரு வாசல். அதற்குள் நுழைந்துதான் மலைக்குப் போக வேண்டும். போர்த்துக்கீசியர் 1620களில் கட்டியது. 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தார்கள், 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். 1803இல் பிரெடெரிக் கோட்டை என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். பிற்பாடு நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபு ஆனவர், வெறும் வெலஸ்லியாக இருந்தபோது இதற்குள் தங்கியிருக்கிறார். இன்றைக்கும் உள்ளே இராணுவம் இருக்கிறது.

நமக்கு உயரம் என்றால் திருமயமும் குன்றக்குடியும்தானே. செம்மண்ணும் முள்ளுக்காடும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஒரு மலையில் நிற்பது முதலில் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டு சாமி அறையில் கோணமலைக் கல் ஒன்று இருக்கிறது. கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது நிர்வாகிக்கு அடுத்த ஆளாக, இருந்த எங்கள் ஐயா, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புமுன் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, மலைக்குக் கீழே கடலில் முழுகி எடுத்து வந்த கல். கரேல் என்று, ஒரு தேங்காய் மூடி அளவு, நடுவில் பூணூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கல் வந்த இடத்தைப் பார்க்கத்தான் நான் போனதே.

ஜூன் 4, காலை

எப்படிப் போவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நாங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்த கப்பல் சேவைதான். நாங்கள் ஏறிய கப்பலின் பெயர் ‘சிவகங்கை’! காரைக்குடியில் பஸ் ஏறி, நாகையில் போய் நம்ம மாவட்டத்துப் பெயரிலேயே ஏறி உட்கார்ந்தபோது ஆச்சி, “இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்” என்றாள். ஏறக்குறைய நாலு மணி நேரம். யாழ்ப்பாணத்தில் ஒரு ராத்திரி தங்கி, விடிகாலை பஸ் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்குத் திருக்கோணமலை.

கடல் கொஞ்சம் கோபமாக இருந்தால் கப்பல் ஓடாது, அதனால் முன்னும் பின்னும் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயா காலத்தில் இந்தக் கவலை இல்லை. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டுபோய்விட்டது.

ஜூன் 4, மாலை

மான்! அதை எழுத மறந்தேனே.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. வேலிக்குள் இல்லை, கூண்டில் இல்லை, நம்ம தெருவில் ஆடு மாடு திரிகிற மாதிரி. ஒரு கலைமான் (கொம்புள்ளதைச் சொல்கிறேன்) கோட்டை வாசலுக்கு உள்பக்கம் ஒரு தள்ளுவண்டிக்கு அருகில் நின்றுகொண்டு, யாரோ போட்ட வாழைப்பழத் தோலை நிதானமாக மென்றது. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன், அது என்னை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. கொம்பில் இன்னும் வெல்வெட்டு மாதிரி தோல் உரியாமல் இருந்தது, அதன் ஒரு கிளையில் ஒரு சாண் நீளத்துக்கு நீல நைலான் கயிறு சுற்றிக்கொண்டு தொங்கியது. மூக்கில் ஈ. கண்ணுக்குக் கீழே ஈரமாக ஒரு கோடு. படத்தில் பார்க்கிற மானை விட இது கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் கிழடு, ரொம்ப நிஜம்.

பக்கத்திலேயே பாலித்தீன் பை ஒன்றைக் குட்டி மான் நக்கிக்கொண்டிருந்தது. ஆச்சி போய்ப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். தொட்டியைக் குரங்கு கவிழ்த்தது. அவ்வளவுதான் நம்மால் முடிந்த வனவிலங்குப் பாதுகாப்பு.

ஜூன் 6

“கலைமான் என்பது வேறு இனம், ஆண் புள்ளிமான் என்று எழுதுங்கள்” என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆண் புள்ளிமான்.

இப்போது கோட்டை வாசல். உள்ளே போகும்போது எல்லோரும் மானைப் பார்ப்பார்கள், நீங்கள் வாசல் கல்லைப் பாருங்கள். அதில் இரண்டு கயல் மீன் செதுக்கியிருக்கிறது, கூடத் தமிழ் எழுத்து. “முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று போகிற பாட்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய கோயிலைப் பறங்கி பிரிப்பான் என்று வருவதைச் சொல்கிற பாட்டு, அந்தப் பறங்கி கட்டிய கோட்டையின் வாசலிலேயே கல்லாக நிற்கிறது! கோயிலை இடித்த கல்லைக் கொண்டுதான் கோட்டையைக் கட்டினார்கள். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி ஊர்வலமாக இறங்கிய நேரம் பார்த்து, பூசாரி வேடத்தில் பறங்கி ஆட்கள் மேலே ஏறினார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். கொத்தன் அந்தக் கல்லை என்ன நினைத்து எடுத்து வைத்தானோ. படிக்கத் தெரியாதவனாக இருந்திருக்கலாம். தெரிந்தவனாகவும் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த மீன் விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. புதுக்கோட்டைக்கு மேற்கே இருபது கிலோமீட்டரில் குடுமியான்மலை. எல்லோரும் இசைக் கல்வெட்டைப் பார்க்கப் போவார்கள். அதே ஊரில் சடையவர்மன் வீரபாண்டியனுடைய 13ஆம் நூற்றாண்டு மெய்க்கீர்த்தி ஒன்றும் இருக்கிறது. ஈழத்தில் படையெடுத்துப் போய்க் கோணமலையில் இணைக்கயல் பொறித்ததாக அது சொல்கிறது. நம்ம வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற கல்லில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலையின் பெயர். நான் எத்தனையோ தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் இதைத் தேடவில்லை. கோணமலை வாசல் மீனைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்து உடம்பு சிலிர்த்தது. நம்ம பாண்டியன் போட்ட மீன்!

ஜூன் 7

நேற்று எழுதியதில் கடைசி வரியை எடுத்துவிடுங்கள், ஆசையில் எழுதியது. மீனும் பாட்டும் ஒரே கல்லில் இருப்பதால் ஒரே கை வெட்டியது என்று ஆகாது. பாட்டின் எழுத்து பாண்டியன் காலத்துக்குப் பிந்தியது என்றே கல்வெட்டு தெரிந்தவர்கள் கருதுகிறார்கள். மீன் பழையது, எழுத்து பிறகு வந்து சேர்ந்தது என்று இருக்கலாம். குடுமியான்மலையில் சொல்லும் மீன் இதுவேதான் என்பதற்கு, பொருத்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் என் கையில் சாட்சி இல்லை.

ஆனாலும் சிலிர்த்தது உண்மை. அதைத் திருத்த மாட்டேன்.

ஜூன் 11

திமிங்கிலம் தெரியுமா என்று கேட்டவருக்கு. தெரியும், மலை மேலிருந்தே தெரியும். கரையில் நின்றபடி நீலத் திமிங்கிலம் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் மிகச் சிலதான், அதில் இது ஒன்று. காரணம் கடலடியில் இருக்கிறது. மற்ற இடங்களில் கரையிலிருந்து வெகு தூரம் போனால்தான் ஆழம் வரும். இங்கே மகாவலி கங்கை வந்து விழுகிற கொட்டியார் குடாவிலிருந்தே கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கிக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. உலகத்தின் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. அவ்வளவு ஆழம் கரைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் துறைமுகமும் பெரிய கப்பலைத் தாங்குகிறது, திமிங்கிலமும் பக்கத்தில் வருகிறது. துறைமுகத்தை வெள்ளைக்காரன் அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருந்தான், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். எல்லாம் அந்தப் பள்ளம் செய்கிற வேலை.

மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை பார்க்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி கார்த்திகையில் போகாதீர்கள், அந்தப் பக்கத்துக்கும் மழை வாடையில்தான், கடல் கொந்தளிக்கும்.

நான் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஏறினேன். கோயிலுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் ஓரம். கீழே பாறை பிளந்து ஒரு வெட்டு, இராவணன் வெட்டு என்பார்கள். தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்தவன் வாளால் வெட்டியது. வெட்டுக்குள் அலை புகுந்து ‘குபீர்’ என்று வெள்ளையாக ஏறி இறங்கியது. அந்தச் சத்தம் மேலே வர ஒரு கணம் பிடிக்கிறது. செம்பருந்து ஒன்று எங்களுக்குக் கீழே பறந்தது. அதன் முதுகைப் பார்த்தோம்! ஊரில் எத்தனை வருடம் அண்ணாந்து கும்பிட்ட பறவை, அதன் முதுகு இவ்வளவு செம்மை என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தூரத்தில், கரு நீலத்தில், வெள்ளையாக ஒரு ஊது. நெட்டுக்குத்தாகப் புகை மாதிரி ஏறி, காற்றில் சாய்ந்து கரைந்தது. முப்பது அடி உயரம் வரை எழும்பும் மூச்சு அது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஆக இரண்டு. உடம்பு எழுபது எண்பது அடி இருக்கும், நம்ம வீட்டு முகப்பில் தலையை வைத்தால் இரண்டாம் கட்டு தாண்டி வால் கிடக்கும். தெரிந்தது என்னவோ ஒரு கரிய கோடு மட்டும்தான்.

ஜூன் 12

ஆச்சி மேலே எழுதியதைப் படித்துவிட்டாள். இரண்டாவது திமிங்கிலம் மீன்பிடிப் படகு என்கிறாள். “நீங்க கண்ணாடியை அறையில வச்சுட்டு வந்தீங்க, மறந்துபோச்சா?” மறக்கவில்லை. ஆக ஒன்று.

இதே ஆச்சி ‘கச்சான்’ விஷயத்தில் பட்ட பாட்டை எழுத வேண்டாம் என்றாள், எழுதுகிறேன். திமிங்கிலத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று படகுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். “கச்சான் தொடங்கிட்டுது ஐயா, பின்னேரம் ஓடுறது கஷ்டம், விடியக் காலமை வாங்கோ” என்றார். கொஞ்ச நேரம் முன்னால்தான் கோயில் வழிக் கடையில் வறுத்த நிலக்கடலை வாங்கியிருந்தோம், அங்கே அதற்குப் பெயர் கச்சான். ஆச்சி பொட்டலத்தைப் படகுக்காரர் முன்னால் நீட்டி, “இதுக்கும் படகுக்கும் என்னங்க?” என்றாள். அந்த மனிதர் சிரித்தது கோட்டை வாசல் வரை கேட்டிருக்கும். மேற்கே இருந்து அனல் மாதிரி அடிக்கிற காற்றுக்கும் கச்சான்தான் பெயர். பொட்டலத்திலிருந்து ஒரு கை எடுத்துக்கொண்டு, “ரெண்டும் சூடுதான்” என்றார். மறுநாள் காலையில் எங்களுக்குப் படகு கிடைக்கவில்லை, வயிறும் சரியில்லை. அதற்குக் காரணம் கச்சான் என்று நான் சொன்னால் எந்தக் கச்சான் என்று கேட்கிறாள்.

ஜூன் 19

மலை ஓரத்தில் ஒரு தூண். கோயிலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை. பிரான்சினா வான் ரீடு என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து இந்த முனையிலிருந்து குதித்தாள், அவள் நினைவாக 1687இல் தகப்பன் நட்ட தூண் என்பது கதை. ‘காதலர் பாய்ச்சல்’ என்று வெள்ளைக்காரன் அந்த இடத்துக்கே பெயர் வைத்துவிட்டான். பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் பெண் அதற்கப்புறம் எட்டு வருடம் கழித்து வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டதாக இருக்கிறது. நல்ல காரியம் செய்தாள்.

எனக்கு அவள் கதையை விடத் தூண்தான் முக்கியமாகப் பட்டது. ஒல்லாந்து எழுத்து வெட்டியிருக்கிற அந்தத் தூண் பழைய கோயில் தூண். சதுரமும் பட்டையும் மாறி மாறி வரும் அந்த வேலையை நான் இருபது வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் நான் கணக்கு எழுதினேன். எந்த ஊரில் எந்த வளவு (பழைய பெரிய வீடு) பிரிகிறது என்று லாரி வருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, கருங்கல் தொட்டி, ஆட்டுக்கல், எல்லாம் வந்து வெயிலில் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் அதே தூண் நிற்கிற படம் வரும், கீழே வேறொரு கதை எழுதியிருக்கும். ‘அரண்மனைத் தூண்’ என்று. அது வேலங்குடிப் பக்கம் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில், மிளகாய் காயப் போடுகிற இடத்தில் நின்ற தூண் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கணக்கு எழுதுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது.

அதனால் கோணமலைத் தூணைப் பார்த்ததும், அட, நீயுமா என்று இருந்தது. கோயிலில் நின்றது, இடிபட்டது, காதல் கதைக்குச் சாட்சியாக மறுபடி நிற்கிறது.

ஒரு வேடிக்கை. திருமயம் கோட்டையை கிழவன் சேதுபதி கட்டியதாகச் சொல்லும் வருடமும் 1687தான். அவர் அங்கே கோட்டை கட்டுகிறார், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் தூண் நடுகிறான். சம்பந்தம் ஒன்றும் இல்லை. எனக்குத் தோன்றியது, எழுதினேன்.

ஜூன் 20

“சிவன் கோயிலைப் பற்றிக் கேட்டால் ஒல்லாந்துக்காரியைப் பற்றி எழுதுகிறீர்கள்” என்று ஒருவர் கோபித்திருக்கிறார். கேள்வியை மறுபடி படியுங்கள் ஐயா. தம்பி கேட்டதே கோயிலைத் தவிர என்ன இருக்கிறது என்றுதான்.

ஜூன் 28

சரி, கோபித்தவருக்காகவும் கொஞ்சம். திருஞானசம்பந்தர் இலங்கைக்குப் போகவே இல்லை. இராமேசுவரத்தில் நின்று இந்தக் கரையிலிருந்தே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்வது. ஆனால் “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்” என்கிறார். குரைகடல் என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து வாயால் சொல்லி வந்திருக்கிறேன், பொருள் காதில் விழுந்தது இராவணன் வெட்டுக்கு மேலே நின்றபோதுதான். அம்மன் பெயர் மாதுமையாள். தேவாரம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இந்த இரண்டுதான்.

இன்றைக்கு மேலே இருக்கிற கோயில் புதியது. 1950இல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது பஞ்சலோகத் திருமேனிகள் கிடைத்தன, இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் யாரோ புதைத்துவிட்டுப் போனவை. 1963இல் குடமுழுக்கு. நடுவில் 1956இல் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் மலைக்கு அடியில் கடலுக்குள் முழுகிப் பார்த்தபோது, கோயில் தூணும் செதுக்கிய கல்லும் அடியில் கிடப்பதைக் கண்டார்கள். பூசையில் இருக்கிற ஒரு லிங்கம் வில்சன் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்று அங்கே சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே கோயிலின் கல் ஒரு பங்கு கோட்டைச் சுவரில், ஒரு பங்கு கடலுக்கு அடியில், ஒன்று ஒல்லாந்துத் தூணாக, ஒன்று எங்கள் வீட்டு சாமி அறையில்.

ஜூலை 6

கடைசியாகச் சொன்னேனே, அந்தப் பங்கு. அதைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு பேர் படம் கேட்டுவிட்டார்கள், இனி மறைக்க முடியாது.

கோட்டைக்கு வெளியே கரையில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு மணி நேரம் கல் பொறுக்கினேன். கைபேசியில் எங்கள் வீட்டுக் கல்லின் படம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அங்கே கையில் வந்தது எல்லாம் சாம்பலும் பழுப்பும், உடைந்த முனை, சொரசொரப்பு. எங்கள் கல் உருண்டு உருண்டு வழவழ என்று ஆன கல். ஆற்றில் கிடந்த கல் மாதிரி. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் படத்தை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது எங்கட கல் இல்ல” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த கண்ணிக்குப் போய்விட்டார்.

ஊருக்கு வந்து யோசித்தேன். ஐயா கதிர்காமமும் போயிருக்கிறார். கொழும்பில் ஆடி வேல் விழாவை 1874லிருந்து நடத்தியவர்கள் நம்ம நகரத்தார்தானே, கடையில் இருந்தவர்களுக்குக் கதிர்காமம்தான் முதல் கோயில். அங்கே மாணிக்க கங்கை ஓடுகிறது. ஆக இது மாணிக்க கங்கைக் கல்லாக இருக்கலாம், வீட்டில் சொல்லிச் சொல்லிக் கோணமலை ஆகியிருக்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் இருபது வருடம் இருந்தவனுக்கு, ஒரு பொருளோடு வருகிற கதையை நம்பக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவன் பொருளுக்கு மட்டும்தான் அந்த அறிவு வேலை செய்கிறது.

ஜூலை 13

ஆத்தாவைக் கூட்டிப்போவது பற்றி. தம்பி, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆட்டோ கோட்டை வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் மேலே போகிறது, எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஏற்றமும் படியும் உண்டு, மெதுவாகப் போனால் முடியும். வெயில் ஏறினால் கல் சுடும், காலில் செருப்பு இருக்காது, அதனால் காலை ஏழுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். கையில் பையைத் தொங்கவிடாதீர்கள், குரங்கு பறித்துவிடும். மலை ஓரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் குட்டித் தொட்டில்கள் கட்டிய மரம் இருக்கிறது, அங்கே காற்று ரொம்ப, பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கன்னியா போங்கள். ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கருமம் செய்ய உண்டாக்கியது என்பார்கள். வாளி எடுத்து ஏழிலும் ஊற்றிக்கொள்ளலாம். எங்கள் ஆச்சிக்கு மலையை விட அதுதான் பிடித்தது, முழங்கால் வலி ஒரு வாரம் இல்லை என்கிறாள். நிலாவெளிப் பக்கம் புறாமலை என்று ஒரு தீவு, மாடப்புறா கூடு கட்டும் பாறை, சுற்றிப் பவளப்பாறை. நாங்கள் போகவில்லை.

பறவை என்றதும் ஒன்று. நம்ம வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்ப் பக்கம் கொக்கும் நாரையும் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை ஊர்க்காரர்கள். கோணமலை மானுக்குப் பாலித்தீன் போடாமல் இருப்பது அதை விடச் சின்ன வேலைதான்.

ஆகஸ்டு 2

தம்பி அடுத்த வாரம் கிளம்புவதாகவும், நமக்கும் ஒரு கல் எடுத்து வரட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். கச்சான் வேண்டுமானால் கொண்டு வாருங்கள், பொட்டலத்தில் வருவது.

கல் கதை முடிந்துவிட்டது. சென்ற வாரம் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். எங்கள் அப்பத்தாவின் தங்கை வந்திருந்தார்கள், தொண்ணூற்று ஒன்று, காது மட்டும்தான் கொஞ்சம் மந்தம். கைபேசியில் படத்தைக் காட்டி, “ஐயா கோணமலையிலேருந்து கொண்டாந்த கல்லு இதுதானே?” என்று கத்தினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். “இதுவா? இது மாவடு சாடியில பாரம் வைக்கிற கல்லுல்ல. ஒங்க அப்பத்தா தேடு தேடுன்னு தேடுனாளே, யாரு எடுத்தா?” என்றார்கள். ஐயா கொண்டுவந்தது வேறு ஒன்றாம், சின்னதாம், அதைத் திண்ணையில் பாக்கு இடிக்க வைத்திருந்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். கல்லை முகர்ந்து பார்த்தாள். முப்பது வருடச் சந்தனமும் பாலும் ஊறியது, மாவடு வாசனை எங்கே வரப்போகிறது. சாடிக்கே திருப்பி வைத்துவிடலாமா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நேற்று ஆடி வெள்ளி. சாமி அறையில் கல் இருந்த இடத்திலேயே இருந்தது, பொட்டு மட்டும் புதிது.